களா: முள்ளும் கனியும்

நுழையும்முன்

தமிழ் நிலத்தின் செடிகொடிகளை அறிவது தமிழ்ச் சொற்களை அறிவதும் ஆகும். பெயர் தெரியாத செடி வெறும் புதராகத் தோன்றும். பெயர் தெரிந்தபின் அதன் பூவும் காயும் பயனும் நினைவுக்கு வரும். நம் சமவெளிப் புதர்க்காடுகளில் தானே வளரும் கருங்கனி ஒன்றினை இனங்காணும் முறையையும் வளர்க்கும் முறையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

அங்காடியில் ஒரு பெயர்க்குழப்பம்

புதுச்சேரி நகரின் நடுவே, நேரு வீதியை ஒட்டி அமைந்துள்ளது பெரிய மார்க்கெட். பிரெஞ்சுக்காரர் ‘கிராண்டு பஜார்’ என்றனர். மக்கள் ‘பெரியகடை’ என்றனர். பின்னாளில் எதுவார் குபேரின் பெயரால் ‘குபேர் அங்காடி’ எனவும் வழங்கலாயிற்று. ஒரே இடத்திற்கு நான்கு பெயர்கள் இருப்பினும் வழி தவறுவார் எவருமிலர். ஆனால், அங்காடியில் விற்கும் கனிகளுக்கு இவ்விதி பொருந்துவதில்லை. அங்கே பெயர் மாறினால் பொருளும் மாறிவிடுகிறது.

‘பிளாக்பெர்ரி’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கில நூல்கள் சில, நாவற்பழத்தை ‘இந்திய பிளாக்பெர்ரி’ எனக் குறிக்கின்றன. செடி விற்போர் சிலர் முசுக்கொட்டைப் பழத்தை, அதாவது மல்பெரியை, அப்பெயரால் அழைக்கின்றனர். பிரெஞ்சு மொழியிலோ ‘மூர்’ என்னும் ஒரு சொல்லே முசுக்கொட்டைப் பழத்தையும் ஐரோப்பியக் காட்டுமுட்கொடியின் கருங்கனியையும் சுட்டுகிறது. நாவல் உயர்ந்த மரம். முசுக்கொட்டை பட்டுப்புழுவுக்கு இலை தரும் சிறுமரம். மூன்றாவது முள் நிறைந்த கொடி. மூன்றும் வெவ்வேறு குடும்பங்களைச் சார்ந்தவை. கனி கறுத்திருப்பது ஒன்றே அவற்றிற்குப் பொது.

நிறத்தை மட்டும் கண்டு பெயரிடுவது பிழைக்கு வழிவகுக்கும். உண்ணத்தக்கதையும் தகாததையும் பிரித்தறிய வேண்டிய இடத்தில் அப்பிழை உயிருக்கும் தீங்காகலாம். எனவேதான் தாவரவியலார் ஒவ்வொரு செடிக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான இருசொற்பெயர் ஒன்றை வழங்கினர்.

மலைக்குரியதும் சமவெளிக்குரியதும்

உண்மையான பிளாக்பெர்ரி ரோசாக் குடும்பத்தில் ‘ரூபஸ்’ என்னும் பேரினத்தைச் சார்ந்தது. அப்பேரினத்தின் காட்டு வகைகள் தமிழகத்திலும் உண்டு. நீலகிரி, பழனி மலைகளின் சோலை ஓரங்களிலும் பாதையோரங்களிலும் அவை படர்கின்றன. ‘ரூபஸ் எலிப்டிகஸ்’ மஞ்சள்நிறக் கனி தருவது. ‘ரூபஸ் நைவியஸ்’ சிவந்து பின் கருமை அடையும் கனி தருவது. இவற்றின் கனி பல சிறுமணிகள் ஒன்றுசேர்ந்த திரள்கனி. ஒவ்வொரு மணியும் தனித்தனிச் சூலகத்திலிருந்து உருவானது. ஒவ்வொன்றினுள்ளும் ஒரு சிறுவிதை உண்டு.

இக்கொடிகளைப் புதுச்சேரியில் வளர்க்க முயல்வது பயனற்றது. மேலைநாட்டுத் தோட்ட வகைகளுக்குப் பூக்கும் முன் நீண்ட குளிர்காலம் வேண்டும். புதுச்சேரியில் மார்கழி இரவிலும் வெப்பநிலை 20 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கும். இனி, தமக்குரிய இடத்தை விட்டுப் பெயர்க்கப்படும் செடிகள் சில புதிய இடத்தில் கட்டுக்கு அடங்காமல் பரவுவதும் உண்டு. இந்தியாவில் இயல்பாக வளரும் ரூபஸ் நைவியஸ், கலாபகசுத் தீவுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டபின் அங்குள்ள இயற்கைக் காடுகளை மூடிப் படர்ந்து பெருங்கேடு விளைத்துவருகிறது. செடி ஒன்றே, இடம் மாறியபோது அதன் இயல்பின் விளைவும் மாறியது.

அங்ஙனமாயின் சமவெளியின் கருங்கனி எது? முள்புதராக வளர்ந்து, வெண்பூப் பூத்து, சிவந்து கறுக்கும் புளிப்பினிப்புக் கனியைத் தருவது களா.

பாட்டில் நின்ற பழம்

களா புதிதாக வந்த செடியன்று. புறநானூற்றின் 177ஆம் பாடலில் ஆவூர் மூலங்கிழார் இதனைக் குறிக்கிறார். கள்ளுண்டவர்கள் புளிப்புச் சுவையை விரும்பிக் களாப்பழத்தையும் துடரிப்பழத்தையும் உண்கின்றனர். அவை தெவிட்டியபின் ஆற்றங்கரை மணல்மேட்டில் ஏறி, கரிய நாவற்கனியைக் கொய்து உண்கின்றனர் என்பது அப்பாடற்காட்சி. களாவும் துடரியும் நாவலும் ஒரே பாட்டில் வந்தபோதிலும் புலவர் அவற்றை ஒன்றாகக் குழப்பவில்லை. ஒவ்வொன்றின் சுவையையும் அது நிற்கும் இடத்தையும் பிரித்துக் காட்டுகிறார்.

மக்கள் வழக்கிலும் களா நிலைபெற்றுள்ளது. கிடைக்கப்போகும் பலாக்காயைவிடக் கிடைத்திருக்கும் களாக்காயே மேல் என்பது பழமொழி. பெரிதினும் பெரிதான கனிக்குப் பலாவையும், சிறிதாயினும் எளிதில் கைக்கு எட்டும் கனிக்குக் களாவையும் உவமையாக்கியுள்ளனர். ஊர்ப்புறம் எங்கும் களா மிகுந்திருந்தாலன்றி இவ்வுவமை பிறந்திராது.

இருவகைக் களா

களா, அலரிக் குடும்பத்தைச் சார்ந்தது. நம் பகுதியில் இருவகைகளைக் காணலாம். ஒன்று பெருங்களா, இதற்கு 1767ஆம் ஆண்டு லின்னேயசு ‘காரிசா கரண்டாஸ்’ எனப் பெயரிட்டார். மற்றொன்று சிறுகளா, இது 1771இல் ‘காரிசா ஸ்பைனாரம்’ என அவராலேயே பெயர் பெற்றது.

பெருங்களா ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை உயரும். இலையின் நுனி மழுங்கியிருக்கும். முள் நீண்டு, பெரும்பாலும் கவைபட்டிருக்கும். கனி ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுடையது. ஊறுகாய்க்காகத் தோட்டங்களிலும் வேலிகளிலும் வளர்க்கப்படுவது பெரும்பாலும் இதுவே.

சிறுகளா காட்டுக்குரியது. ஆளுயரமோ அதனினும் சற்று மிகுந்தோ அடர்ந்த புதராக நிற்கும். இலை சிறியது, அதன் நுனியில் ஊசிபோன்ற சிறுகூர் உண்டு. கனி பட்டாணி அளவினது; நன்கு பழுத்தபின் பளபளக்கும் கருநிறம் பெறும். இனிப்பு மிகுந்தது. ஆடு மேய்ப்போரும் சிறுவரும் காட்டிலேயே பறித்து உண்ணும் பழம் இது.

இனங்காணும் முறை

ஒரு செடியை ஓர் அடையாளத்தைக் கொண்டு மட்டும் முடிவுசெய்தல் கூடாது. கீழ்க்காணும் ஐந்தும் ஒருசேரப் பொருந்தினால்தான் அது களா எனக் கொள்ள வேண்டும்.

முதலாவது, இலையடுக்கம். களாவின் இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்திருக்கும். இலை தடித்து, மேற்பரப்பு வழவழப்பாகப் பளபளக்கும். விளிம்பில் பற்கள் இரா.

இரண்டாவது, முள். அது தோலிலிருந்து எழும் மேல்முள் அன்று. சிறுகிளையே உருமாறிய உறுதியான முள். நேரானது; வளைந்து கொக்கிபோல் இராது. ரோசாவின் முள்ளைப் பக்கவாட்டில் அழுத்தினால் பெயர்ந்துவிடும். களாமுள் அவ்வாறு பெயராது.

மூன்றாவது, பால். இளங்கிளையையோ இலைக்காம்பையோ கிள்ளினால் வெண்மையான பால் வடியும். பச்சைக்காயிலும் இப்பால் உண்டு.

நான்காவது, பூ. கிளைநுனிகளில் கொத்துக்கொத்தாக மலரும். கீழே மெல்லிய குழலும் மேலே ஐந்து குறுகிய இதழ்களும் கொண்டு விண்மீன்போல் தோன்றும். வெண்மையானது, சிலவற்றின் புறத்தே இளஞ்சிவப்புச் சாயல் படிந்திருக்கும். மல்லிகையை ஒத்த நறுமணம் உடையது.

ஐந்தாவது, கனி. ஒரே சூலகத்திலிருந்து உருவாகும் சதைக்கனி. பசுமை, இளஞ்சிவப்பு, செம்மை, கருமை என நிறம் மாறும். அறுத்தால் செந்நிறச் சாற்றுக்கு நடுவே தட்டையான சில விதைகள் காணப்படும். திரள்மணிகள் இரா, ஒற்றைக் கொட்டையும் இராது.

ஒத்தும் ஒவ்வாதும்

களாவோடு மயங்கத்தக்க செடிகள் பல அதே புதர்க்காட்டில் நிற்கின்றன.

சூரைச்செடியின் பழமும் சிறியது, கரியது. ஆனால் அதன் இலைகள் மாறிமாறி அமைந்தவை. இலையடியிலிருந்து மூன்று நரம்புகள் தெளிவாக எழும். முள் கொக்கிபோல் வளைந்தது. பழத்தினுள் ஒரே கொட்டை. இது இலந்தையின் உறவு, உண்ணத்தக்கது.

காரைச்செடியின் முட்கள் நேராக இணையிணையாக நிற்கும். இலைகளும் எதிரெதிரே அமையும். ஆயினும் கிள்ளினால் பால் வடியாது. பழம் மஞ்சள் நிறமானது.

உன்னிச்செடி அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டு இந்தியக் காடுகளையெல்லாம் ஆக்கிரமித்த செடி. அதன் சிறுபழமும் கறுக்கும். ஆனால் தண்டு நாற்பட்டையானது, இலை சொரசொரப்பானது, கசக்கினால் கடுநெடி வீசும், விளிம்பில் பற்கள் உண்டு, பால் இராது. அதன் முற்றாத காய் நச்சுத்தன்மை உடையது.

மிகுந்த விழிப்பு வேண்டுவது பால் குறித்தே. ‘பால் வடிகிறது, எனவே களா’ என்று எவரும் முடிவுசெய்துவிடலாகாது. அலரியும் தங்க அரளியும் அதே குடும்பத்தைச் சார்ந்தவையே. அவற்றின் எல்லாப் பகுதிகளும் கொடிய நஞ்சு. தங்க அரளியின் கொட்டை இதயத் துடிப்பையே குலைத்து உயிர் போக்கக்கூடியது. அவ்விரண்டிற்கும் முள் இல்லை. இலைகள் வாள்போல் நீண்டு குறுகியிருக்கும். ஒரே குடும்பத்தில் உணவும் நஞ்சும் பிறத்தல் இயற்கையில் புதுமையன்று. ஆதலின், நன்கறிந்த பெரியவர் ஒருவர் உறுதிசெய்யும் வரை காட்டுக்கனி எதனையும் வாயிலிடாமையே அறிவுடைமை.

தெரிந்து தெளிவோம்

அடுமனைகளில் ரொட்டி, கேக் ஆகியவற்றின்மேல் பதிக்கப்படும் சிவந்த ‘செர்ரி’ பெரும்பாலும் செர்ரிப்பழம் அன்று, களாக்காயே. காயைக் கீறி விதை நீக்கி, உப்புநீரில் இட்டுப் பாலையும் துவர்ப்பையும் போக்கி, செந்நிறம் ஏற்றி, சர்க்கரைப்பாகில் படிப்படியாக ஊறவைப்பர். பாகின் செறிவு ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக உயர்த்தப்படும். ஒரேயடியாக உயர்த்தினால் காயின் நீர் விரைந்து வெளியேறி அது சுருங்கிவிடும். நம் வேலியோரக் காய், வெளிநாட்டுப் பெயர் பூண்டு நம்மிடமே திரும்பி வருகிறது.

கரையோரக் காடு

சிறுகளாவின் இயல்பான இருப்பிடம் சோழமண்டலக் கடற்கரையின் வறண்ட பசுமைமாறாக் காடு. இராமநாதபுரம் முதல் விசாகப்பட்டினம் வரை கடலையொட்டிய குறுகிய பகுதியில் மட்டும் இவ்வகைக் காடு காணப்படுகிறது. ஆண்டின் பெரும்பகுதி வறட்சி. ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை. இந்நிலைக்கேற்பத் தடித்த இலையும் குட்டை உருவமும் கொண்ட மரங்களும் புதர்களும் இங்கு உருவாயின. வீரை, காசா, காட்டெலுமிச்சை ஆகியவற்றின் நடுவே களாவும் நிற்கும்.

உழவுக்கும் குடியிருப்புக்கும் விறகுக்குமாக இக்காடு பெரிதும் அழிக்கப்பட்டது. இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் கோயிற்காடுகளே. புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காடு அவற்றுள் ஒன்று. கிளை ஒடித்தல் தகாது என்னும் மக்களின் நம்பிக்கையே அதனைக் காத்தது. 1968இல் தொடங்கப்பட்ட ஆரோவில்லில் மண்ணரிப்பால் வெறுமையாகிக் கிடந்த செம்மண் மேட்டில் இக்காட்டின் இயல்மரங்களை மீண்டும் வளர்த்தெடுத்துள்ளனர். 1955இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பகத்தில் தென்னிந்தியச் செடிகளின் 20,000க்கும் மேற்பட்ட மாதிரிகள் பாதுகாக்கப்படுகின்றன.

காட்டில் களாவின் பணி சிறிதன்று. கொண்டைக்குருவி போன்ற பறவைகள் அதன் கனியை உண்டு விதையைத் தொலைவில் இடுகின்றன. புதரின் முட்களுக்கு நடுவே விழும் பிற மரங்களின் விதைகள், ஆடு மாடுகளின் வாய்க்கு எட்டாமல் முளைத்து வளர்கின்றன. முட்புதர்தானே என்று வெட்டி எரிப்பவர், அதனுள் வளரவிருந்த மரக்கன்றுகளையும் எரிக்கின்றனர்.

வளர்க்கும் முறை

களா வறட்சியைத் தாங்கும். செம்மண், சரளைமண், மணற்பாங்கான நிலம் ஆகியவற்றில் வளரும். சிறிதளவு உவர்ப்பையும் பொறுக்கும். தேங்கும் நீரை மட்டும் பொறுக்காது. நாள் முழுதும் வெயில் படும் இடமே ஏற்றது.

விதை வழி வளர்த்தலே எளிது. நன்கு கறுத்துப் பழுத்த கனிகளைத் தேர்ந்து, பிசைந்து, சதையை நீக்கி விதைகளைக் கழுவ வேண்டும். நிழலில் உலர்த்தி, சில நாள்களுக்குள் விதைத்துவிட வேண்டும். களா விதையின் முளைப்புத்திறன் விரைவில் குறைந்துவிடும். அடுத்த ஆண்டுக்கெனச் சேமித்து வைப்பது வீண். மணலும் செம்மண்ணும் மட்கிய எருவும் சம அளவில் கலந்த பாத்தியில் அல்லது பையில், விதையின் பருமன் அளவே ஆழத்தில் ஊன்றி, பூவாளியால் நீர் தெளித்துவர வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் முளைகள் தோன்றும்.

விதைக்கன்றுகள் யாவும் தாய்ச்செடியை ஒத்திருக்கும் எனக் கூற இயலாது. கனியின் அளவும் சுவையும் மாறலாம். தாய்ச்செடியின் இயல்பு மாறாதிருக்க வேண்டின் பதியம் போடுதல் நன்று. மழைக்காலத்தில் பென்சில் பருமனுள்ள கிளையொன்றில் வளையமாகப் பட்டையை நீக்கி, ஈரப்பாசியால் பொதிந்து, பாலித்தீன் தாளால் கட்டிவைத்தால் வேர் விடும். வெறுங்கிளையை வெட்டி நட்டால் எளிதில் வேர்பிடிப்பதில்லை. பந்த் மனோகர், பந்த் சுதர்சன், பந்த் சுவர்ணா, கொங்கண் போல்டு ஆகியவை தேர்ந்தெடுத்து வெளியிடப்பட்ட தோட்ட வகைகள்.

புதுச்சேரிக் கடற்கரைக்கு வடகிழக்குப் பருவமழையே முதன்மையானது. ஆகவே கோடையின் இறுதியிலும் ஆடியிலும் பழுக்கும் கனியின் விதையை உடனே ஊன்றி, கன்றுகளை ஓராண்டுக்கும் சற்று மேலாக நாற்றங்காலில் பேணி, மறு ஆண்டின் ஐப்பசி மழையில் நிலத்தில் நடுதல் பொருத்தமானது. நீளம், அகலம், ஆழம் மூன்றும் 45 சென்டிமீட்டர் உள்ள குழியெடுத்து, மேல்மண்ணோடு தொழுஉரம் கலந்து நிரப்பி நட வேண்டும். தோட்டமாக வளர்க்கச் செடிக்குச் செடி 3 மீட்டரும், உயிர்வேலியாக வளர்க்க ஒரு மீட்டருக்கு உட்பட்ட இடைவெளியும் போதும். முதல் கோடையில் மட்டும் தவறாது நீர் ஊற்ற வேண்டும். வேரூன்றியபின் மழைநீரே பெரிதும் போதுமானது.

மூன்றாம் ஆண்டளவில் காய்க்கத் தொடங்கும். கனி பறித்தபின் உலர்ந்த கிளைகளையும் நெருங்கிய கிளைகளையும் கவாத்துச் செய்தால் புதுத்தளிர் விட்டு, அவற்றின் நுனியில் மீண்டும் பூக்கும். பறிக்கும்போது தடித்த கையுறை அணிதல் நன்று. முள் கூரியதாகையால் சிறுகுழந்தைகள் விளையாடும் இடத்தருகே இதனை நடலாகாது.

ஊறுகாய்க்குச் செம்மை படர்ந்த காயும், நேரே உண்பதற்குக் கறுத்த கனியும் ஏற்றவை. பாகுப்பொருளான பெக்டின் மிகுந்திருப்பதால் களாக்காய்ச் சாறு எளிதில் உறைந்து ‘ஜெல்லி’ ஆகும்.

காத்தலும் கடமையே

விதை சேகரிப்போர் சில நெறிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். காட்டுச்செடியை வேரோடு பெயர்த்தல் கூடாது. கோயிற்காடுகளில் இலையையும் தொடாதிருத்தல் வேண்டும். பிற இடங்களில் உரியவரின் இசைவு பெற்று, ஒரு புதரின் கனிகளில் சிறுபகுதியை மட்டும் கொய்து, மற்றவற்றைப் பறவைகளுக்கு விட்டுவைத்தல் வேண்டும்.

பெரிய மார்க்கெட்டில் நாவற்பழம் பருவந்தோறும் குவிகிறது. அதனை அறியாதார் இலர். களாவின் நிலை அத்தகையதன்று. அதனை அறிந்தோர் குறையக் குறைய, வாங்குவோர் குறைவர். வாங்குவோர் குறைய, வேலியில் வைத்துக் காப்போர் குறைவர். இறுதியில் சங்கப் பாடலுக்கு உரை எழுதுவோர் ‘ஒருவகைப் பழம்’ என்று மட்டும் குறிக்கும் நிலை நேரலாம். பள்ளி வேலியோரம் ஒரு களாக்கன்று நிற்குமாயின், அப்பாடலைப் படிக்கும் மாணவர் சாளரத்துக்கு வெளியே கைநீட்டி அதன் பொருளைக் காட்ட முடியும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் தானே வளரும் உண்ணத்தக்க கனிகள் ஐந்தின் பெயர்களைப் பெரியோரிடம் கேட்டறிந்து, இலையடுக்கம், முள், பால், பூ, கனி என்னும் தலைப்புகளில் அட்டவணைப்படுத்துக.

2. அருகிலுள்ள அங்காடிக்குச் சென்று, ஒரே பொருளுக்கு வழங்கும் வெவ்வேறு பெயர்களையும், ஒரே பெயரால் வழங்கும் வெவ்வேறு பொருள்களையும் தொகுத்து வகுப்பில் கலந்துரையாடுக.

3. ‘முட்புதர் காட்டின் தொட்டில்’ என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.